இலாய்சா ஒரு மூச்சில் பார்த்த பாறை

என் வீட்டுக்காரர் இலாய்சாவுக்குக் கடலைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கட்டிக்கொண்டவள் நான், எனக்குத் தெரியும். எங்கள் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே ஓடும் நீரோட்டம் எப்போது திரும்பும், எந்த மேகத்தைப் பார்த்ததும் படகைக் கரைக்குத் திருப்ப வேண்டும், நங்கூரம் போடாமலே தண்ணீருக்கடியில் இருக்கும் பெரிய பாறைக்கு மேலே படகை எப்படி நிறுத்திவைப்பது, இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தப் பெரிய பாறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மனுஷர் ஒரு மூச்சு அளவுக்குத்தான் சொல்வார்.

இளவட்டமாக இருந்தபோது ஈட்டியைப் பிடித்துக்கொண்டு முங்கி மீன் குத்தியவர். அடியில் போய்ச் சேருவதற்குள் பாதி மூச்சு தீர்ந்துவிடும். மீனைத் தேடுவதில் மீதியும் போய்விடும். அப்புறம் மேலே வந்தே ஆக வேண்டும். பாறையின் ஒரு பக்கம் முழுக்க ஊதா நிறம், நடுவில் ஒரு குகை வாய், குகைக்குள் பெரிதாக என்னவோ அசைந்தது. இவ்வளவுதான் அவர் பார்த்தது. அசைந்தது எது என்று பார்க்கத் திரும்ப முங்குவாராம், அதற்குள் அது உள்ளே போயிருக்குமாம். "எபேலி அம்மா, நெஞ்சு வெடிக்கிற வரைக்கும் பாத்தாலும் அந்தக் குகையை முழுசாப் பாக்க முடியல" என்று கல்யாணமான புதிதிலேயே என்னிடம் சொன்னார். அப்போது எங்களுக்கு எபேலி பிறக்கவே இல்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பெயர் வைத்து என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்ட அவசரக்காரர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எப்படி இவ்வளவு தாமதம் செய்தாரோ.

ஊரில் டைவிங் கடை வந்ததும் அவருக்குப் படகு ஓட்டும் வேலை கிடைத்தது. எனக்குப் படகில் மதியச் சாப்பாடு சமைத்துப் போடும் வேலை. மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன், சேப்பங்கீரை. கடைக்காரர் பிரிஸ்பேனில் இருப்பார், எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். விடுமுறைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் முதல் நாள் முழங்கால் தண்ணீரில் நின்று வாயில் குழாயை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். மூன்று நான்கு நாளில் முதுகில் சிலிண்டரோடு பெரிய பாறைக்கு இறங்கிவிடுவார்கள். நாங்கள் ஒரு பானை கிழங்கு தின்று முடிக்கிற நேரம் வரைக்கும் கீழேயே இருந்துவிட்டு வருவார்கள். இவர் மேலே உட்கார்ந்து அவர்கள் விடுகிற குமிழிகளின் பின்னாலேயே படகை ஓட்டிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் இவரும் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கடையில் சொல்லிக்கொடுக்க இருந்தவள் ஒருத்தி. மெரேவாய். இவருடைய பெரியப்பா மகள், வயதில் இளையவள், அதாவது இவருக்குத் தங்கை. எங்களில் வயது வந்த அண்ணன் தங்கை நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். தொட்டுக்கொள்ளவும் கூடாது, ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைக்கவும் கூடாது. சண்டை ஒன்றும் கிடையாது. மரியாதை. சில வீடுகளில் இதெல்லாம் காற்றோடு போய்விட்டது. என் மாமனார் வீட்டில் போகவில்லை.

எங்கள் படகில் நடந்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெரேவாய் முன்பக்கம் நிற்பாள், இவர் பின்பக்கம், நடுவில் பானையோடு நான்.

"அண்ணி, நீரோட்டம் எப்போ திரும்பும்னு அவங்ககிட்ட கேளுங்க."

இவருக்கென்ன காது கேட்காதா? இருந்தாலும் நான் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருப்பார். "எபேலி அம்மா, சாப்பாட்டுக்கு முன்னாடியே திரும்பிடும்னு சொல்லு."

"சாப்பாட்டுக்கு முன்னாடியே திரும்பிடுமாம் மெரே."

வெள்ளைக்காரர்கள் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த நாட்களில் இவர் டீசல் கேனைப் பார்த்துப் பேசினாராம். "கேனே, தெக்குப் பக்கம் அலை ஏறுது, சீக்கிரம் வரச் சொல்லு." அவளும் கேனிடமே பதில் சொன்னாளாம். இதை என் மகன் எபேலி நடித்துக் காட்டியபோது எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

மெரேவாய் ஒரு காரியம் செய்வாள். கீழே போய்விட்டு வந்து முங்கு கண்ணாடியைக் கழற்றியதும் ஒரு துண்டு கிழங்கை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவாள். உட்கார்ந்து, கீழே பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். குகை வாயில் ஒரு களவா மீன் குடியிருக்கிறது, ஆள் உயரம், வாயைத் திறந்தால் சின்ன மீன்கள் உள்ளே போய்ப் பல்லைச் சுத்தம் செய்துவிட்டு வருகின்றன. ஊதாப் பக்கத்தில் இன்றைக்கு மஞ்சள் பவளம் விரிந்திருக்கிறது. பின்பக்கம் ஓர் ஆமை தூங்குகிறது. இதையெல்லாம் என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்கும் கடலுக்கும் கணுக்கால் வரைக்கும்தான் உறவு. அவள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் இவருடைய இன்ஜினில் ஏதோ கோளாறு வரும். இன்ஜினை நிறுத்திவிட்டு அதன் மேல் குனிந்துகொண்டு, ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்.

வருஷக்கணக்காக இப்படியே ஓடியது. ஒரு வருஷம் ஹெதர் என்று ஒரு அம்மாள் வந்தாள். ஆஸ்திரேலியாக்காரி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், கனமான உடம்பு, பெரிய சிரிப்பு. பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து விடுமுறைக்கு அனுப்பி வைத்தார்களாம். டைவிங் கற்றுக்கொள்ளாமல் திரும்பினால் மானம் போய்விடும் என்றாள். முதல் நாள் தண்ணீருக்குள் தலையை விட்டதும் துள்ளி எழுந்து, "செத்துட்டேன்னு நெனச்சேன்டி!" என்று கத்தினாள். மெரேவாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வெறுமனே மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள், காற்று தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதற்கான பயிற்சி. ஹெதர் தன் குழாயைத் துப்பிவிட்டு, மெரேவாயின் சிலிண்டரிலிருந்து தொங்கும் இன்னொரு மஞ்சள் குழாயை எடுத்து வாயில் வைத்து, இருவரும் ஒரே சிலிண்டரின் காற்றை உறிஞ்ச வேண்டும். இவர் கரையில் படகைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகின் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

நான்காம் நாள் ஹெதர் பெரிய பாறைக்கு இறங்கினாள். மேலே வந்து ஏணியைப் பிடித்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். பயமா என்று கேட்டேன். இல்லையாம். முகத்தைத் துடைத்துக்கொண்டு இவரைப் பார்த்தாள்.

"கேப்டன், அந்த மீன் உன்னையே கேட்டுச்சுய்யா. எத்தனை வருஷமா மேல நிக்கிற, ஒரு நாளாவது எட்டிப் பாத்தியான்னு."

இவர் பல்லைக் காட்டிச் சிரித்தார். "ஒரு மூச்சுக்குப் பாத்திருக்கேன்."

"ஒரு மூச்சா? நானும் டிரைவர், நீயும் டிரைவர். ஊருக்குள்ள போகாமலே ஊர் எல்லையில ஆளை இறக்கிவிட்டுட்டுத் திரும்புற டிரைவரை நான் பாத்ததே இல்ல." பிறகு மெரேவாயின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, என்னையே நாலு நாள்ல இறக்கிட்ட. இவரை இறக்கக் கூடாதா?"

மெரேவாய் கயிற்றைச் சுருட்டினாள். இவர் வானத்தைப் பார்த்தார். நான்தான் கிழங்குத் தட்டை நீட்டி, இவர்கள் அண்ணன் தங்கை, பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். "நானும் என் அண்ணன்கூட இருபது வருஷமாப் பேசறதில்ல, வீட்டை வித்த தகராறு" என்றாள் ஹெதர். இது தகராறு இல்லை என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் கரை வந்துவிட்டது.

ஹெதர் ஊருக்குப் போய்விட்டாள். அவள் கேட்ட கேள்வி மட்டும் மெரேவாயை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் சமையல் கொட்டகைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, தண்ணிக்குள்ள யாரும் பேசப்போறதில்லையே."

"கையால காட்டுறது பேச்சில்லையா?"

"சரி, அதுவும் பேச்சுதான். தொடவும் வேண்டியிருக்கும். அந்த மஞ்சக் குழாயும் இருக்கு. நான் அதுல வாய் வைக்கிறதே இல்ல அண்ணி, சோப்புப் போட்டுக் கழுவித் தரேன். ஆனா காத்து ஒரே சிலிண்டர் காத்துதான். ஒரே தட்டுல சாப்பிடற மாதிரிதான். தெரியுது. அதனாலதான் முறையாக் கேக்கலாம்னு பாக்கறேன்."

முறையாகக் கேட்பது என்றால் யங்கோனா என்கிற, கரைத்துக் குடிக்கும் வேரை ஒரு கட்டாகக் கட்டிப் பெரியவர்கள் முன்னால் வைத்துக் கேட்பது. இந்த விலக்கை நீக்கிக்கொடுங்கள் என்று கேட்கலாம், எப்போதாவது யாராவது கேட்பதுண்டு. ஆனால் ஒரு பெண் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதுவும் தன் அண்ணனுடைய ஆசைக்காகத் தங்கை போய்த் தலைகுனிந்து உட்காருவது சின்னக் காரியமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்கெதுக்குடி இந்தத் தலைவலி?" என்று கேட்டேன்.

"எத்தனை வருஷமா உங்ககிட்டயே கதை சொல்லிட்டிருக்கறது? நீங்க பாதி நேரம் பானையைத்தான் கவனிக்கறீங்க."

இவரிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் தன் பழைய முங்கு கண்ணாடியை எடுத்து ஓர் ஓரமாக வைத்துத் துடைத்தார். எனக்குத் தெரிந்துபோயிற்று, மனுஷர் சம்மதித்துவிட்டார் என்று. இவர் கீழே இறங்கும் நாளில் படகைப் பார்த்துக்கொள்ள எபேலியும் ஒப்புக்கொண்டான்.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் எல்லாரும் பொதுவீட்டில் கூடினார்கள். பாயில் பெரியவர்கள், நடுவில் யங்கோனா கரைக்கும் மரத்தாழி, இவருக்குப் பக்கத்தில் இவருடைய மச்சான்மார். அதில் ஒருவன் என் கூடப்பிறந்த அண்ணன் சவேனாகா. என் வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், அவன் வாயைக் கேட்டவர்கள் என்னை ஊமை என்று சொல்லிவிடுவார்கள். மச்சான்களுக்குள் எதை வேண்டுமானாலும் சொல்லிக் கேலி செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அதுவும் எங்கள் முறைதான். பெண்கள் நாங்கள் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தோம். மெரேவாய் எனக்குப் பக்கத்தில், நல்ல பாவாடை கட்டி, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்காக அவள் தாய்மாமன் சமுயேலா வேர்க்கட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பேசினார்.

"கொண்டுவரவே வெக்கமா இருக்கு. காஞ்ச வேர் ஒரு பிடிதான். எங்க பொண்ணு கேக்கறா. அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவுல இருக்கிற விலக்கைக் கடலுக்குள்ள இருக்கிற நேரத்துக்கு மட்டும் எடுத்துவிடணுமாம். கரைக்கு வந்ததும் பழையபடி இருக்கட்டும். அண்ணன் கை வச்சு வாங்கிக்கிட்டா எங்களுக்குப் போதும்."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இனி இவர் கையில்தான் இருந்தது. இவர் கை நீண்டது. நான் பார்த்தேன், ஐயோ, என் கண்ணால் பார்த்தேன், விரல் கட்டைத் தொடப்போனது.

"வாயைக் கழுவிட்டு வா மச்சான்!" என்றான் சவேனாகா. "தங்கச்சி குழாயில கஞ்சி குடிக்கப் போற!"

கூரை அதிரச் சிரித்தார்கள். பெரியவர்களே சிரித்துவிட்டார்கள். அதில் விஷம் எதுவும் இல்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் இவரும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பார். அவன் என் அண்ணன் என்பதால், வாயை மூடுடா என்று நான் அவனிடம் நேராகச் சொல்லவும் முடியாது. அவன் பெண்டாட்டியைக் கிள்ளினேன். அவள் எழுந்து போய் அவனிடம் சொல்வதற்குள் இன்னொருவன், "ஸ்பூன் கேளு மச்சான்" என்றான். மறுபடியும் சிரிப்பு.

இவருடைய காது சிவந்தது. நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. பெரியவங்க வச்சதை நான் உடைக்க மாட்டேன்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கட்டு பாயின் மேல் கிடந்தது. வைத்த கட்டு எடுக்கப்படாமல் கிடந்ததை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. சமுயேலா மாமா அதைத் திரும்ப எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மெரேவாய் தலையை நிமிர்த்தவே இல்லை. மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்து, வாசலைத் தாண்டி, எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இவரை நான் விடவில்லை.

"உங்களுக்குக் கடல் மேல ஆசையா, இல்ல மச்சான்மார் மேல பயமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"சும்மா இரு எபேலி அம்மா."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? அந்தப் பொண்ணு உங்களுக்காகக் கேட்டா. சவேனாகா சிரிச்சான்னு அவளைச் சந்தியில நிறுத்திட்டு வந்துட்டீங்க."

"தப்புதான்" என்றார். அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வருவது அபூர்வம். "நான் ஒரு கட்டு கொண்டுபோய் வச்சு மன்னிப்புக் கேக்கறேன்."

கேட்டாரா? நாளைக்கு என்றார். அடுத்து சேம்பு நடும் காலம் என்றார், பிறகு காற்று சரியில்லை என்றார். வேர் வாங்கி வந்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். எலி கடித்தது. இன்னொன்று வாங்கினார். மெரேவாய் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தை மட்டும் அவரால் நடக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனால் சவேனாகா என்ன சொல்வானோ என்ற பயம்தான், வேறென்ன.

படகில் எல்லாம் பழையபடிதான் நடந்தது. "அண்ணி, நீரோட்டத்தைக் கேளுங்க." "எபேலி அம்மா, நல்லாருக்குன்னு சொல்லு." வேலைப் பேச்சில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேலே வந்ததும் என் பக்கத்தில் உட்காருவதை மெரேவாய் நிறுத்திவிட்டாள். கிழங்கை எடுத்துக்கொண்டு படகின் முனைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு தின்றாள். அந்த நேரம் வந்ததும் இவர் வழக்கம்போல் இன்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டிருப்பார். கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முடுக்குவார். வீட்டில் சில சமயம் என்னைக் கேட்பார், "அந்தக் களவா பல்லை யாரோ சுத்தம் பண்றதாச் சொன்னாங்களே, அது எந்த மீன்?" எனக்கு எங்கே ஞாபகம்? விலாங்கு என்பேன், நண்டு என்பேன். ஒழுங்காகக் கேட்டு வைக்காமல் போனேனே என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

அதற்கப்புறம் வந்த மழைக்காலத்தில்தான் அந்தப் புயல். ஊரில் பாதிக் கூரை போய்விட்டது. எங்கள் தேவாலயத்தின் தகரத்தை அடுத்த ஊர் வாழைத்தோட்டத்தில் கண்டெடுத்தோம். இவர் படகைக் கண்டல் மரங்களுக்குள் கொண்டுபோய்க் கட்டிக் காப்பாற்றிவிட்டார். மாதக்கணக்கில் டைவிங் கடை மூடிக் கிடந்தது. திறந்ததும் முதலில் இறங்கிப் பார்த்தவள் மெரேவாய்தான், அதுவும் பெரிய பாறையில். ஏறி வந்து கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தில் ரத்தமே இல்லை. என்னடி என்றேன். "கயிறு குடுங்க அண்ணி" என்றாள். இன்னும் கோபம் தீரவில்லை போலும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அவள் வெள்ளைக்காரர்களைத் தீவின் கிழக்குப் பக்கத்துக்கே அழைத்துக்கொண்டு போனாள். குமிழிகளின் பின்னால் போகிற மனுஷருக்கு இது தெரியாமல் இருக்குமா? "பெரிய பாறைக்கு ஏன் போறதில்லைன்னு கேளு" என்றார். கேட்டேன். "கிழக்குல நல்லாருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பிரிஸ்பேன்காரர் சொல்லிக்கொடுக்க இன்னொரு ஆளை அனுப்பிவைத்தார். ஜெரெமாயா, கந்தாவுத் தீவைச் சேர்ந்த பையன். எங்களுக்கு உறவும் இல்லை, விலக்கும் இல்லை. அவன் வந்த வாரமே, சொல்லிக்கொடு என்று இவர் போய் நின்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நாலு நாளில் முடிகிற காரியத்துக்காக ஒரு ஆயுளைக் கழித்துவிட்டாரே.

நாலு நாளில் முடியவும் இல்லை. ஹெதர் அம்மாளுக்கு வந்தது இவருக்கு வரவில்லை. குழாயில் விடாமல் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் முதல் பாடம். இவர் தலை தண்ணீருக்குள் போனதும் பழைய வழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். "மாமா, மூச்சைப் பிடிக்காதீங்க! பிடிச்சா நுரையீரல் கிழிஞ்சிடும்!" என்று ஜெரெமாயா கத்துவான். "பிடிக்கலையேடா" என்பார் இவர், கன்னத்தை உப்பவைத்துக்கொண்டே. கரையில் கூடியிருந்த மச்சான்மாருக்குக் கொண்டாட்டம். இப்போது அவர்கள் சொன்னது எதுவும் இவர் காதில் ஏறவில்லை. திரும்பத் திரும்ப இறங்கினார். கூடச் சேர்ந்த வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்கள், இவர் இன்னும் முழங்கால் தண்ணீரில் நின்றார். கடைசியில் ஒருநாள் ஜெரெமாயா, "மாமா தயார்" என்றான்.

பெரிய பாறைக்குப் போகிற அன்று எபேலி படகை ஓட்டினான். நானும் போனேன். மெரேவாயும் வந்தாள், ஜெரெமாயாவுக்குத் துணையாக மேலே இருக்க. இவர் சிலிண்டரை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"அண்ணி, இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுங்க. கிழக்குப் பக்கம் போகச் சொல்லுங்க. அங்க நல்லாருக்கு."

"எபேலி அப்பா, கிழக்குப் பக்கம் போகலாமாம்."

அவர் சிரித்தார். "இத்தனை வருஷமா வேண்டாம்னவன் நான். இப்போ அவங்க வேண்டாம்ங்கறாங்களான்னு கேளு." சொல்லிவிட்டுப் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்.

குமிழிகள் வந்தன. எபேலி அவற்றின் பின்னால் ஓட்டினான். குமிழிகள் பாறையைச் சுற்றிப் போயின, திரும்பி வந்தன, ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றன, மறுபடி சுற்றின. மெரேவாய் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஏன்டி அழுகிறாய் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். பாறையின் மேல்பாதி உடைந்து விழுந்துவிட்டது. குகை வாய் மூடிவிட்டது. ஊதாப் பக்கம் முழுக்க உடைந்த எலும்பு போல வெறும் சாம்பல் நிறத் துண்டுகள், அதன் மேல் பாசி. களவாவைப் புயலுக்குப் பிறகு அவள் பார்க்கவே இல்லை. "அவங்க பாக்க வேண்டாம்னுதான் கிழக்குப் பக்கமே போனேன் அண்ணி" என்றாள்.

இவர் மேலே வந்தபோது சிலிண்டரில் காற்று அநேகமாகத் தீர்ந்திருந்தது. ஜெரெமாயா முகம் வாடியிருந்தான். "மாமா எதையோ தேடிக்கிட்டே இருந்தாரு, கல்லையெல்லாம் தூக்கிப் பாத்தாரு" என்றான். இவர் ஏறி வந்து பலகையில் உட்கார்ந்தார். மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். கிழங்கை நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. எபேலி என்னைப் பார்த்தான், நான் எபேலியைப் பார்த்தேன்.

பிறகு அவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை. நேராக மெரேவாயைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் பெயரை நான் கேட்டதே இல்லை.

"மெரேவாய்," என்றார். "அங்க என்ன இருந்துச்சு?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உதடு திறந்தது. சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாறையின் ஒவ்வொரு பொந்தும் அவளுக்குத் தெரியும், எது எங்கே உட்கார்ந்திருந்தது, எந்த மாதத்தில் எது விரியும் என்று எல்லாமே. சொல், சொல்லிவிடு என்று எனக்குள்ளேயே கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க அண்ணி."

பொய். வைத்த கட்டு எடுக்கப்படாமல் பாயில் கிடந்த அந்த நாள் அவள் நெஞ்சை விட்டுப் போயிருக்கவில்லை. அதற்காக நான் அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எப்படிச் சொல்வேன்? நான் இவர் பக்கம் திரும்பினேன். நான் சொல்ல வேண்டிய தேவை இல்லை, அவருக்குக் கேட்டிருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரின்னு சொல்லு" என்றார் என்னிடம்.

"சரியாம் மெரே" என்றேன்.